“எல்லாம் நார்மல்”: முதுமையின் மனச்சோர்வும் சரீரத்தின் சாட்சியமும்

புதுச்சேரியின் முதலியார்பேட்டையில் குடியிருக்கும் என் பெரியப்பா, மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்த பின்பு, தமது எழுபத்து நான்காம் வயதில், பரிசோதனைச் சீட்டுகள் திணித்த ஒரு மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வைத்தியசாலைகளின் படிகளை ஏறி இறங்கினார். உடம்பெல்லாம் அசதி என்றும், சோறு தொண்டைக்குக் கீழே இறங்க மறுக்கிறது என்றும், நெஞ்சுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்றும் அவர் முறையிட்டதைக் கேட்டவர்கள், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், இருதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடுகளாக இழுத்துக் காட்டினார்கள், முடிவில் எல்லா இடங்களிலும் ஒரே வார்த்தையைச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்: “ஒண்ணுமில்ல பெரியவரே, எல்லாம் நார்மல்.” அந்த வார்த்தை அவருக்கு ஆறுதலாக அமையவில்லை. தாம் படுகிற பாட்டுக்குச் சாட்சி சொல்ல ஒரு சீட்டும் முன்வரவில்லையே என்கிற தவிப்புடன், அவர் அடுத்த பரிசோதனைக்குப் புறப்பட்டார்.

சரீரத்தின் எந்த மூலையிலாவது, ரத்தத்தின் எந்தத் துளியிலாவது, முதுமைக் காலத்து மனச்சோர்வைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் உண்டா என்னும் வினாவை நான் ஆராயத் தொடங்கியது அந்த மஞ்சள் பையை முன்னிட்டே. சர்க்கரை நோய்க்கு ரத்தச் சர்க்கரையின் அளவு போலவும், காசநோய்க்குச் சளியில் காணப்படும் கிருமியைப் போலவும், மனத்தின் வியாதிக்கும் பிரத்தியட்சமான ஒரு குறி அகப்படுமானால், வயோதிகர்கள் தங்கள் துயரத்தை நிரூபிக்க இத்தனை தூரம் அலைய வேண்டியிராது. உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடி வருவது அத்தகைய ஒரு குறியைத்தான். உயிரியல் அடையாளங்கள் என்றும், ஆங்கில ஒலிப்பிலேயே பயோமார்க்கர் என்றும் வழங்குபவை இவை.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டியிருக்கிறது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே சொல்லை, வேலைப்பளுவால் உண்டாகும் நெருக்கடிக்கும், மாதக்கணக்கில் மனிதனைச் செயலற்றவனாக்கும் வியாதிக்கும் சேர்த்தே வழங்குகின்றன. முன்னது வாழ்வின் இயல்பு. பின்னது சிகிச்சைக்கு உரிய நோய். ஆகையால் நான் ‘மனச்சோர்வு’ என்றே எழுதுகிறேன். இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், நாளின் பெரும்பகுதியில் ஊக்கமும் இன்பமும் வற்றிப்போய், உறக்கம், பசி, நினைவு, நடை ஆகியவை யாவும் தடுமாறும் நிலையை அச்சொல் சுட்டுகிறது.

முதுமையில் இது அபூர்வமான வியாதி அன்று. இந்திய முதியோர் மனநல மருத்துவத்துக்கு வழிகோலியவர்களுள் முதன்மையானவரான மதுரை அ. வெங்கோபராவ், மாதவன் என்பவருடன் இணைந்து மதுரைக்கு அருகிலிருந்த சிறுநகர்ப் பகுதியொன்றில் நடத்தி 1982-இல் வெளியிட்ட ஆய்வில், அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் மனச்சோர்வைக் கண்டார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 65 வயதைக் கடந்த 1,000 பேரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கணக்கு 12.7 விழுக்காடு. 2017-18-இல் நாடு முழுவதும் 72,000-க்கும் மேற்பட்டோரைச் சந்தித்து நடத்தப்பட்ட ‘லாசி’ என்னும் முதுமை பற்றிய நெடுநாள் ஆய்வு, அறுபது வயதைக் கடந்தோருள் 8.3 விழுக்காட்டினரிடம் இவ்வியாதிக்குரிய இலட்சணங்கள் இருப்பதாக மதிப்பிட்டது. அதே ஆய்வில், ‘மனச்சோர்வு என்று வைத்தியர் எனக்குச் சொல்லியிருக்கிறார்’ எனக் கூறியவர்களோ வெறும் 0.8 விழுக்காட்டினர். பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டுமே நோயின் பெயர் தெரியவந்திருக்கிறது. எஞ்சிய ஒன்பது பேரும் அவரவர் மஞ்சள் பையோடு எங்கோ வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள். தேசியக் குற்றப்பதிவு ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், தற்கொலை விகிதம் மிகுந்த பிரதேசங்களின் முன்வரிசையில் புதுச்சேரியின் பெயர் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதை நினைக்கும்போது, இந்த இடைவெளி நம் ஊருக்கு வெறும் புள்ளிவிவரம் அன்று.

வியாதியின் மூலத்தைச் சரீரத்தில் தேடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாத பித்த கபங்களின் ஏற்றத்தாழ்வை அறிந்த நாடி வைத்தியர்களும் தேடியது ஓர் அடையாளத்தையே. நவீன ஆராய்ச்சியின் முதற்படியிலும் நம் மண்ணின் மூலிகை ஒன்று இருக்கிறது. சர்ப்பகந்தி வேர் ரத்தக் கொதிப்பைத் தணிப்பதைப் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் மேல்நாட்டு மருத்துவ உலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தார். 1952-இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. அதை உட்கொண்ட நோயாளிகளுள் சிலர் காரணமின்றிச் சோர்ந்து போனதாகச் செய்திகள் வந்தன. ரெசர்பின், நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் முதலான பொருள்களை வற்றச் செய்வது. அதே ஆண்டுகளில் காசநோய்க்குக் கொடுக்கப்பட்ட வேறொரு மருந்து, அப்பொருள்களைப் பெருகச் செய்து, நோயாளிகளை உற்சாகம் கொள்ளச் செய்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வு என்பது மூளையின் இரசாயனக் குறைபாடே என்று முடிவு கட்டினார்கள். அம்முடிவு அவசரமானது என்பது பின்னர் தெரிந்தது. சோர்வுற்றோர் உடலில் செரட்டோனின் குறைந்திருப்பதற்குச் சீரான சான்று இல்லை என்று 2022-இல் வெளிவந்த ஒரு விரிவான தொகுப்பாய்வு எடுத்துரைத்தது. மருந்து பயன்படுகிறது என்பதனாலேயே, அம்மருந்து நிரப்பும் பொருளின் குறைவால்தான் நோய் வந்தது என்று வாதிப்பது, தலைவலிக்குக் காரணம் உடம்பில் ஆஸ்பிரின் குறைந்ததே என்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது பெரிய முயற்சி கார்டிசாலைப் பற்றியது. ஆபத்துக் காலத்தில் சரீரத்தை உஷார்ப்படுத்தும் இந்தச் சுரப்பு, ஆரோக்கியமானவர்களிடத்தில் விடியலுக்கு முன் ஏறத் தொடங்கி, கண் விழித்த சிறிது நேரத்தில் உச்சத்தை அடைந்து, பின் நாள் முழுவதும் படிப்படியாக இறங்கி, நள்ளிரவில் அடங்கிவிடும். கடும் மனச்சோர்வில் இந்த ஏற்ற இறக்கம் குலைந்து, அடங்க வேண்டிய வேளையிலும் அடங்காமல் நிற்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கரோல், இரவு பதினொரு மணிக்கு கார்டிசாலை அடக்கவல்ல டெக்சாமெதசோன் என்னும் மருந்தில் ஒரு மில்லிகிராம் கொடுத்து, மறுநாள் ரத்தத்தில் கார்டிசால் அடங்கியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையை வகுத்து, அது கடும் சோர்வுடையோரில் 67 விழுக்காட்டினரைக் கண்டுபிடிப்பதாகவும், அந்நோய் இல்லாதவர்களை 96 விழுக்காடு சரியாக விலக்குவதாகவும் 1981-இல் அறிவித்தபோது, மனநல மருத்துவத்துக்கும் ஓர் உரைகல் கிடைத்துவிட்டதாகவே பலர் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அது ஏன் நிலைக்கவில்லை என்பதில், முதுமையையும் அடையாளங்களையும் பற்றிய முழுப் பாடமும் அடங்கியிருப்பதால், கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். கணியம்பாடியின் ஆயிரம் முதியவர்களையே எடுத்துக்கொள்வோம். அவர்களுள் சோர்வுற்றவர்கள் 127 பேர். கரோலின் பரிசோதனை, அவர் கூறிய திறனுடனேயே அங்கும் இயங்கும் என்று கொண்டால், 85 பேரைக் கண்டுபிடிக்கும். 42 பேரைத் தவறவிடும். நோயற்ற 873 பேரில் 35 பேரை நோயாளிகள் என்று பிழையாகச் சொல்லும். இதுவரை கணக்கு சகிக்கத்தக்கதே. ஆனால் முதுமை என்பது தனியாக வரும் விருந்தாளி அன்று. மறதி நோய், உடல் மெலிவு, கட்டுக்கடங்காத சர்க்கரை, குடிப்பழக்கம், வைத்தியசாலையில் படுத்திருப்பதன் கலக்கம் முதலான ஒவ்வொன்றும் கார்டிசாலை அடங்கவிடாமல் செய்யவல்லது. வயது ஏறுவதே அந்த அடக்கத்தைத் தளர்த்துகிறது. இவற்றின் பயனாகப் பிழையான முடிவுகள் நூற்றுக்கு நான்கிலிருந்து முப்பதாக உயர்ந்தன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நோயற்றவர்களில் 262 பேர் நோயாளிகளாக முத்திரையிடப்படுவார்கள். பரிசோதனை சுட்டிக்காட்டும் நால்வரில் ஒருவரே மெய்யான நோயாளியாக இருப்பார். இளைஞர்களிடத்தில் கூர்மையாக இயங்கும் கருவி, வயோதிகர்களிடத்தில் மழுங்குவது இவ்விதமே. கார்டிசால் பொய் சொல்வதில்லை. ‘இச்சரீரம் துன்பத்தில் இருக்கிறது’ என்று அது சொல்கிறது. எந்தத் துன்பம் என்று பிரித்துச் சொல்லும் ஆற்றல் அதனிடம் இல்லை.

இதனினும் உறுதியான தடயம், ரத்தக் குழாய்களின் வழியாக வந்து சேர்ந்தது. இதில் நமக்கு உரிமையான ஒரு பெயரும் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-இல் பட்டம் பெற்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ரங்கராம கிருஷ்ணன், முதுமையில் சோர்வுற்றோரின் மூளையை எம்.ஆர்.ஐ. படங்களில் ஆராய்ந்து, மூளையின் ஆழத்திலுள்ள வெண்பகுதியில் பஞ்சுத் துணுக்குகளைத் தூவியதுபோல் பளிச்சென்று தோன்றும் திட்டுகளை 1988-ஆம் ஆண்டளவிலேயே எடுத்துக்காட்டினார். நுண்ணிய ரத்தக் குழாய்கள் தடித்தும் அடைபட்டும் போனதால், அவை ஊட்டும் நரம்பிழைகள் பட்டினி கிடந்த இடங்கள் அவை. 1997-இல் ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் அலெக்சோபுலஸ் ஒருபுறமும், கிருஷ்ணன் குழுவினர் மறுபுறமும், முதுமையில் முதன்முறையாகத் தலைகாட்டும் மனச்சோர்வில் ஒரு பகுதி, உண்மையில் ரத்தக் குழாய்களின் நோயே என்னும் கருத்தை முன்வைத்தனர்.

இக்கருத்தை ஏற்றால், நாம் வீடுகளில் காணும் பல காட்சிகளுக்கு வேறு பொருள் கிடைக்கிறது. இவ்வகைச் சோர்வில் அழுகை குறைவு. ‘நான் பாவி’ என்னும் குற்ற உணர்ச்சியும் குறைவு. மாறாக, நடை தளர்கிறது, பேச்சு மெதுவாகிறது, ஒரு காரியத்தைத் தொடங்கி முறையாக முடிக்கும் திறன் நழுவுகிறது, எதிலும் அக்கறையில்லாத வெறுமை குடிகொள்கிறது. மூளையின் முன்பகுதியையும் அதன் அடியாழத்தையும் இணைக்கும் பாதைகளிலே திட்டுகள் விழுவதால், விருப்பம் செயலாக மாறும் வழி அறுபடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். வீட்டிலுள்ளவர்களோ, ‘தாத்தாவுக்கு வயசாகிப்போச்சு, சோம்பேறித்தனம்’ என்கிறார்கள். மருந்துக்கு இது எளிதில் வசப்படுவதுமில்லை. ஆகவே இந்தத் திட்டுகள், நோயை அறிவிக்கும் குறியாக அல்லாவிடினும், சிகிச்சை எவ்வளவு கடினமாயிருக்கும் என்பதை முன்னுணர்த்தும் குறியாகவாவது பயன்படக்கூடும்.

புதுச்சேரிக்காரன் ஒருவன் இதைப் படிக்கும்போது மனம் பதைக்க நியாயம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, வயதுவந்தோரில் சர்க்கரை நோயுடையவர்களின் விகிதம் புதுச்சேரியில் 26.3 விழுக்காடு, நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். உடற்பருமனிலோ புதுச்சேரியே முதலிடம். நால்வரில் ஒருவரின் ரத்தத்தில் ஊறும் சர்க்கரை, கண்ணின் நுண்குழாய்களையும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் அரிப்பது போலவே மூளையின் நுண்குழாய்களையும் அரிக்கிறது. கால் புண்ணுக்கும் கண்ணுக்கும் அஞ்சி மாதந்தோறும் சர்க்கரை பார்த்துக்கொள்ளும் மனிதர்கள், தங்கள் உற்சாகமும் அதே குழாய்களின் தயவில்தான் இருக்கிறது என்பதை அறிவதில்லை. கணியம்பாடி ஆய்விலும் சர்க்கரை நோயுள்ள முதியவர்களிடத்தில் சோர்வின் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. இருதய நோயுற்றவர்களிடத்தில் அது நான்கு மடங்கையும் தாண்டியது.

குழாய்களுக்கு அடுத்தபடியாக அழற்சியைச் சொல்ல வேண்டும். காயத்தையும் கிருமியையும் எதிர்க்க உடம்பு மூட்டும் தீ, எதிரி இல்லாத காலத்திலும் நீறுபூத்த நெருப்பாகக் கனன்றுகொண்டிருப்பது முதுமையின் இயல்புகளுள் ஒன்று. அத்தணலை ரத்தத்தில் சி.ஆர்.பி., இன்டர்லியூகின்-6 ஆகிய பொருள்களால் அளக்கலாம். சளிக்காய்ச்சல் வந்தால் நாம் போர்வைக்குள் சுருண்டு, உணவை வெறுத்து, யாருடனும் பேசப் பிடிக்காமல் கிடக்கிறோம் அல்லவா? அது கிருமியின் வேலையன்று; அழற்சிப் பொருள்கள் மூளைக்கு இட்ட கட்டளை. அதே கட்டளை ஓயாமல் மெல்லிய குரலில் ஒலித்துக்கொண்டிருந்தால் என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்த்தால், முதியவர்களின் சோர்வில் ஒரு பகுதி விளங்கிவிடும். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தினர், மருந்துக்கு வசப்படாத சோர்வுடைய 60 பேருக்கு இன்பிளிக்ஸிமாப் என்னும் அழற்சியெதிர்ப்பு மருந்தை ஏற்றிப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, என் மதிப்பில், இத்துறையிலேயே மிகவும் சிந்திக்கத்தக்கது. மொத்தத்தில் பார்த்தபோது அம்மருந்தால் நன்மை இல்லை, ஆனால் சி.ஆர்.பி. ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது நன்மை தென்பட்டது. அவர்கள் முதியவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், மருந்தும் சாதாரணமானதன்று. எனினும், ‘இவர் நோயாளியா’ என்று கேட்பதை விட்டு, ‘இந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும்’ என்று கேட்டால் ரத்தம் பதில் சொல்லக்கூடும் என்னும் நம்பிக்கையை அது தந்தது.

லாசி ஆய்வினர் வீடு வீடாகச் சென்று, விரல் நுனியில் குத்திய ரத்தத் துளிகளைத் தனிவகைக் காகித அட்டைகளில் உலர்த்தி எடுத்துச் சென்றார்கள். ஹீமோகுளோபினும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும், சி.ஆர்.பி.யும் அந்தத் துளிகளிலிருந்து அளக்கப்படுகின்றன. மனநிலையைப் பற்றிய கேள்விகளும், ரத்தத்தின் அளவுகளும், வீட்டில் எத்தனை வேளை சோறு என்னும் விவரமும் ஒரே மனிதரைக் குறித்து ஒன்றாகத் திரட்டப்பட்டிருப்பது நம் நாட்டு ஆராய்ச்சிக்கு வாய்த்த பெரும் செல்வம். அதே மனிதர்களை ஆண்டுகள் கழித்து மீண்டும் சந்திக்கும்போது, எது முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பதும் துலங்கும்.

ஹிப்போகாம்பஸ் என்னும் நினைவுப் பகுதியைப் பற்றியும், பி.டி.என்.எஃப். என்னும் நரம்பூட்டப் புரதத்தைப் பற்றியும் எழுதியவை ஏராளமாக இருப்பினும், அவற்றை விரைந்து கடக்கலாம் என்றே கருதுகிறேன். சராசரி 68 வயதுள்ள, முன்பு பலமுறை சோர்வுக்கு ஆளாகி மீண்டிருந்த பத்துப் பெண்களிடம் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருந்ததை ஆராய்ச்சியாளர் இவெட் ஷெலைன் 1996-இல் காட்டினார்; சோர்வில் கழிந்த நாட்கள் மிகுந்தோறும் சுருக்கமும் மிகுந்திருந்தது. பல நாடுகளின் படங்களை ஒன்றுதிரட்டி 1,728 நோயாளிகளை 7,199 நோயற்றவர்களுடன் ஒப்பிட்ட பிற்கால ஆய்வில் அவ்வேறுபாடு ஏறக்குறைய 1.2 விழுக்காடாகச் சிறுத்துவிட்டது. கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட இது போதும். எதிரே அமர்ந்திருக்கும் ஒரு தனி மனிதரைப் பற்றி எதுவும் சொல்ல இது போதாது. பெங்களூர் நிம்ஹான்ஸில் ஏழு முதியவர்கள் ஆறு மாதம் யோகம் பயின்றபின் அவர்களது ஹிப்போகாம்பஸ் சற்றே பெருகியதாக 2013-இல் வெளிவந்த செய்தி மகிழ்ச்சியளிப்பதே. ஏழு என்னும் எண்ணையும் அதனுடன் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். முதுமையுற்ற உயிரணுக்கள் கசியவிடும் பொருள்களைத் தொகுத்து அளந்து சோர்வின் கடுமையோடு பொருத்திப் பார்க்கும் முயற்சிகள் அண்மையில் நடைபெறுகின்றன. அல்சைமர் மறதிக்கு 2025-இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது போன்ற ரத்தப் பரிசோதனை மனச்சோர்வுக்கு இதுவரை ஒன்றுமில்லை. மறதி நோயில் மூளையில் படியும் புரதம் இன்னது என்று தெரியும். சோர்வுக்கோ பல ஊற்றுகள்.

ஆயினும், பகட்டில்லாத சில பரிசோதனைகளை நான் பெரிதும் மதிக்கிறேன். தைராய்டு சுரப்பி மந்தப்பட்டால் மனிதர் மனச்சோர்வுற்றவர் போலவே ஆகிவிடுகிறார். பி12 உயிர்ச்சத்துக் குறைந்தாலும் அப்படியே. மரக்கறி மட்டும் உண்பவர்களிடத்திலும், சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் விழுங்குபவர்களிடத்திலும் அது குறைவது வழக்கம். ரத்தச் சோகையும், சோடியக் குறைவும் இவ்வரிசையில் சேரும். அதிலும், மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளே முதியவர்களிடத்தில் சோடியத்தைக் குறைத்துவிடக்கூடுமாதலால், அதைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பார்ப்பது விவேகம். இவை மனச்சோர்வின் அடையாளங்கள் அல்ல. மனச்சோர்வின் வேடம் பூண்டு வருகிறவற்றையும், அதற்குத் துணை நிற்கிறவற்றையும் அடையாளம் காட்டுபவை. சில நூறு ரூபாய்ச் செலவில் திருத்தத்தக்க காரணம் ஒன்று அகப்படுமானால், அது கோடிகள் செலவிட்டு எடுத்த மூளைப் படங்களைவிட அந்த முதியவருக்குப் பயனுடையது.

நம் ஊரின் பங்கு இங்கேதான் வருகிறது. 1823-இல் பிரெஞ்சு அரசினர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழித்தோன்றலாகி, 1964-இல் ஜிப்மர் என்னும் பெயர் பூண்டு, கோரிமேட்டில் விளங்கும் மருத்துவ நிறுவனத்தினர், முதியோர் மனச்சோர்வை அறிவதற்கான பதினைந்து கேள்விகள் கொண்ட அளவுகோலின் தமிழ் வடிவத்தைச் சரிபார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். பார்வைக்கு இது எளிய காரியம். நான் இதை அருங்காரியம் என்பேன். ஆமென்றோ இல்லையென்றோ விடை சொல்லத்தக்க அக்கேள்விகள், எழுதப் படிக்க அறியாத பாட்டிக்கும் விளங்கும் தமிழில் அமைந்து, அவர் தரும் விடை வைத்தியரின் நேரடி மதிப்பீட்டோடு ஒத்துவருகிறதா என்று சோதிக்கப்பட்ட பின்னரே அளவுகோல் என்னும் தகுதி பெறுகின்றன. எந்தப் புதிய ரத்தக் குறியும் தன் மதிப்பை நிரூபிக்க வேண்டுமானால், இப்படிச் சோதிக்கப்பட்ட கேள்விகளின் முன்னும் வைத்தியரின் தீர்ப்பின் முன்னுமே வந்து நிற்க வேண்டும். கேள்வி பழுதானால் ரத்தத்தின் விடையும் பழுதே.

அந்த அளவுகோலின் மூல வடிவத்தை 1980-களின் தொடக்கத்தில் வகுத்த அமெரிக்கர்கள், உறக்கம், பசி, உடல்நோவு பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே விலக்கினார்கள். வேறு நோயுள்ள முதியவர்களிடத்தில் அவை குழப்பம் விளைவிக்கும் என்பது அவர்கள் கண்ட நியாயம். அந்நியாயத்தை மதிக்கிறேன். ஆனால், நம்மவர்கள் துயரத்தைச் சரீரத்தின் பாஷையிலேயே பேசிப் பழகியவர்கள். ‘நெஞ்சு அடைக்குது’ என்பதும் ‘சோறு இறங்கல’ என்பதும் மூட்டுவலியைப் போன்ற உபத்திரவங்கள் அல்ல. அவை மனத்தின் வாக்குமூலங்கள். உடலைத் தவிர்த்துக் கேட்கும் கேள்விகளும், உடலை மட்டுமே அளக்கும் பரிசோதனைகளும், உடலைக் கொண்டே மனத்தைப் பேசும் மனிதரும் ஆகிய மூவரும் ஒரே அறையில் சந்திக்கும்போது, இடையில் நின்று பொருள் சொல்ல வல்லவர் அவர் பேச்சறிந்த வைத்தியரேயாவார். ஜிப்மரின் குருசுக்குப்பம், ராமநாதபுரம் சுகாதார நிலையங்களைப் போன்ற இடங்களில், சர்க்கரை பார்க்க வரும் ஒவ்வொரு முதியவரிடமும் அப்பதினைந்து கேள்விகளைக் கேட்டு, விடைகளை அவரது மூன்று மாதச் சர்க்கரைக்கும் சி.ஆர்.பி.க்கும் பி12-க்கும் பக்கத்தில் எழுதி வைத்து, ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்துவந்தால், இந்தச் சிறிய பிரதேசம் பெரிய நாடுகளுக்கும் வழிகாட்டக்கூடும் என்பது என் துணிவு.

கணியம்பாடி ஆய்வில் இன்னும் இரண்டு முடிவுகள் இருந்தன. எந்த ஆய்வுக்கூடத்தாலும் அளக்க முடியாதவை. பசியை அனுபவித்த முதியவர்களிடத்தில் சோர்வின் வாய்ப்பு இரண்டரை மடங்கு மிகுந்திருந்தது. மனம்விட்டுப் பேச நம்பகமான மனிதர்களை அதிகம் பெற்றிருந்தவர்களிடத்திலோ, அவ்வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. இத்துணை வலிமையான பாதுகாப்பை நான் மேலே சொன்ன எந்தப் புரதத்திலும் காணவில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வேண்டித் தேர்ந்த குடும்பங்களிலும், பிரெஞ்சுப் படையில் சேவித்துத் திரும்பிய சொல்தாக்களின் வீடுகளிலும், பிள்ளைகள் பாரிசின் சுற்றுப்புறங்களில் வாழ, மாதந்தோறும் ஓய்வூதியம் தவறாமல் வந்து சேர, மாடியும் தோட்டமும் உள்ள வீட்டில் ஒற்றை நாற்காலியில் அமர்ந்திருக்கும் முதியவர்களை நான் அறிவேன். அவர்களுக்குப் பசியில்லை. மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே கூடிப் பேசும் கூட்டத்துக்கு வரக் கால் ஒத்துழைக்கிறவர்கள் வருகிறார்கள், ஒத்துழைக்காதவர்கள் வருவதில்லை.

இவற்றையெல்லாம் படித்த பின்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவின் வீட்டுக்குச் சென்றேன். மஞ்சள் பைச் சீட்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். பி12-ஐயும் தைராய்டையும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அவற்றை மறுநாளே பார்ப்பதென்று முடிவு செய்துகொண்டு, அந்தத் தமிழ்க் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினேன். நான் வைத்தியன் அல்லன். வைத்தியரிடம் அவரை அழைத்துச் செல்லுமுன் என் மனத்தெளிவுக்காகக் கேட்டேன். முதல் மூன்றுக்கும் அவர் தலையசைத்தார். பொழுது போகாமல் சலித்துப்போகிறதா என்று பொருள்படும் கேள்வி வந்ததும், ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் வாசற்பக்கம் பார்த்தபடியே சிறிது நேரம் இருந்தார். அந்தத் தாளில் உறக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

“காலைல மூணரைக்கே முழிப்பு வந்துடுதுடா தம்பி,” என்றார். “எழுந்து திண்ணைல வந்து உக்காந்துக்கறேன். மில்லு சங்கு எப்ப ஊதும்னு காதைத் தீட்டிக்கிட்டே இருக்கேன். அது மூடிப் போச்சுன்னு நெனப்பு வர்றதுக்குள்ள விடிஞ்சிடுது.”